அண்ணனின் டைட்டர்

மாதத்துக்கு ஒருமுறை கோழிகளிடம் ரத்தம் எடுப்பேன். ஷெட்டுக்குப் பத்துக் கோழி. இறக்கையைத் தூக்கினால் உள்பக்கத்தில் நீலமாக ஒரு நரம்பு தெரியும். அதில் ஊசியைச் செருகி ஒரு மில்லி உறிஞ்சி, சிரிஞ்சைச் சாய்த்து வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் சீரம் தெளிந்து மேலே நிற்கும். அதை நாமக்கல்லில் உள்ள லேபுக்கு அனுப்பினால் ‘டைட்டர்’ என்று ஓர் எண் வரும். போட்ட தடுப்பூசி கோழியின் ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதற்கான எண் அது. எண் இறங்கியிருந்தால் மறுபடி ஊசி போட வேண்டும். ஊசியே போடாத ஷெட்டில் எண் ஏறியிருந்தால் நோய் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். பண்ணைத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் இது பாலபாடம்.

முப்பதாயிரம் கோழிகளுக்கு இப்படிப் பார்த்துக்கொண்டிருந்த நான், என் ரத்தத்தை நாற்பத்திரண்டு வயதில்தான் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்பே அதைப் பார்த்து, எனக்கு என்ன இருக்கிறது என்று எழுதி, என் பெயரைச் சொன்ன ஒருவரை உட்காரவைத்து விளக்கமாகச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒருவர் நான் இல்லை.

உடம்பு தேறிவிட்டது. ஈரலில் ஒரு பங்கை வெட்டி எடுத்த தழும்பு வலப்பக்க விலாவின் கீழே வளைந்து கிடக்கிறது. நடந்ததைச் சொன்னால் இன்னொருவருக்கு உதவும் என்று எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா சொன்னார். உதவட்டும். ஆனால் நான் கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பண்ணை ஜேடர்பாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது. பண்ணையை நான் பார்க்கிறேன். கரும்பும் தென்னையும் அண்ணன் தங்கவேல் பார்க்கிறார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவர் வீடும் என் வீடும் ஒரே களத்தின் இரண்டு ஓரங்களில் இருக்கின்றன.

போன வருடம் வெயில் தொடங்கும்போது வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது. சட்டைப்பையில் கல்லைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. தீவன மூட்டையை நகர்த்தினால் மூச்சு வாங்கியது. கேஸ் என்று நானே முடிவுகட்டி இரண்டு மாதம் மாத்திரையை விழுங்கினேன். கடைசியில் என் மனைவி சுமதிதான் நாமக்கல்லுக்கு இழுத்துப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். வயிற்றில் பசை தடவி ஓட்டிக்கொண்டிருந்த டாக்டரின் கை ஓர் இடத்தில் நின்றது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தது. “மஞ்சக்காமாலை எப்பவாச்சும் வந்திருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ரத்தம் எடுத்தார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது, ஈரலில் ஒரு கட்டியும் இருக்கிறது, சேலத்தில் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள்.

“அப்படின்னா என்னங்க?” என்று சுமதி கேட்டாள். வெண்ணந்தூரிலிருந்து என் மாமனார் போனில் அதையேதான் கேட்டார். அண்ணன் மட்டும் கேட்கவில்லை. “நாளைக்கே சேலம் போயிரலாம் சாமி, வண்டி நான் எடுக்கறேன்” என்றார். அவர் பதறிப்போய்விட்டார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணி மிளகு ரசமும் சாதமும் கொடுத்தனுப்பினார். வழக்கம்போல என் தட்டில், என் டம்ளரில். அதைப்பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் அண்ணி நாமக்கல் பாத்திரக்கடையில் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி, ‘குமரேசன்’ என்று என் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்ட வைத்துக் கொண்டுவந்தார். “தனிக்குடித்தனம் போனாலும் எங்க ஊட்டுல உங்க தட்டு உங்களுக்குத்தான் தம்பி” என்றார். அவர்கள் வீட்டில் எப்போது சாப்பிட்டாலும் அதில்தான் போடுவார்கள். வேறு யாருக்கும் பெயர் வெட்டிய தட்டு கிடையாது, அண்ணனுக்கே கிடையாது. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஈரல் வைத்தியத்துக்கென்றே இருக்கிற ஒரு மருத்துவமனைக்குப் போனோம். காத்திருக்கும் கூடத்தில் உட்கார இடமில்லை. மேட்டூர், ஆத்தூர், தர்மபுரி என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். மடியில் ஆளுக்கொரு ஸ்கேன் உறை. எங்கள் ஊர்ப்பக்கத்து லாரிக்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் உறையைத் திருப்பி வைத்தார்; நானும் என் உறையைத் திருப்பி வைத்தேன். “பித்தப்பையில கல்லுங்க” என்று நானாகவே சொன்னேன். “நமக்கும் கல்லுத்தானுங்க” என்றார் அவர். ஊரில் கேட்ட எல்லோரிடமும் அதற்குப் பிறகு கல் என்றே சொன்னேன்.

டாக்டரம்மா ஆத்தூர்க்காரர். எங்கள் நான்கு பேரையும், அதாவது என்னையும் சுமதியையும் அண்ணனையும் அண்ணியையும், உட்காரவைத்து முதல் நாளே தெளிவாகச் சொன்னார். இந்த வைரஸ் சிலர் உடம்பில் நுழைந்து சில வாரங்களில் போய்விடும். சிலர் உடம்பில் போகாமல் ஈரலிலேயே தங்கிவிடும். பத்து வருடம், இருபது வருடம் சத்தமே இருக்காது. உள்ளே மெல்ல மெல்லத் தழும்பாகும், ஒருசிலருக்குப் புற்றுநோயாகும். முன்னாலேயே தெரிந்தால், தேவைப்படுகிறவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை கொடுத்து அடக்கி வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தமும் பார்த்துக்கொண்டே வந்தால் கட்டி மிளகு அளவில் இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

“ரத்தத்துல பரவும். ஒரே பிளேடுல ஷேவ் பண்ணினா பரவும். புருஷன் பொண்டாட்டிக்குள்ள பரவும். தாய்கிட்டேர்ந்து குழந்தைக்கு வரும். ஒண்ணா சாப்பிட்டாலோ, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சாலோ பரவவே பரவாது. அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இது இருக்குனு உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

“நேத்துத்தாங்க டாக்டர்.”

அண்ணன் சுவரில் மாட்டியிருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனையாக நடந்தது. ஏ.எஃப்.பி. என்று ஒரு ரத்தச் சோதனை. ஈரல் புற்றுநோய் இருந்தால் பல பேருக்கு ஏறுகிற ஒரு புரதத்தின் அளவு அது. எனக்குச் சாதாரணமாக இருந்தது. வெளியே வந்து சுமதியிடம் “தப்பிச்சோம்” என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா அந்தச் சந்தோஷத்தை அரை மணி நேரம்கூட விடவில்லை. “புற்று இருக்கறவங்கள்லயும் நிறையப் பேருக்கு இது ஏறாது. இதை மட்டும் நம்ப முடியாது” என்றார். அடுத்து சி.டி. ஸ்கேன். சாய மருந்து உள்ளே போனதும் தொண்டையிலிருந்து தொடை வரைக்கும் வெந்நீர் ஊற்றினாற்போலச் சூடு. அதிலும் சந்தேகம் என்றுதான் வந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்க அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அப்போதும் தெளிவாகவில்லை என்றால் ஈரலுக்குள் ஊசி விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும்.

இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருப்பதுதான் கொடுமை. என் மகள் யாழினிக்கு ஆறு வயது. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கணக்குப் போடுவேன். பத்தாவது எழுதும்போது இருப்பேனா, பாவாடை தாவணி கட்டும்போது இருப்பேனா என்று. எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க ஷெட்டில் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரக் காத்திருப்பில்தான் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். விருப்பம் இருந்தால் ரத்தம் கொடுக்கலாம், இல்லையென்றால் வைத்தியம் ஒன்றும் குறையாது என்றார். நான் விடாமல் கேள்வி கேட்கவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

“ரத்தத்துல வெள்ளணுக்கள் இருக்கில்லையா? அதுல ஒரு வகை, வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப்போய் அழிக்கறது. பல வருஷம் அதே வைரஸோட மல்லுக்கட்டினா அந்த அணுக்கள் களைச்சுப் போயிடும். களைச்ச அணுவோட மேல்தோல்ல சில புரதங்கள் கூடுதலா வந்து நிக்கும். ஈரல்ல புற்று வந்தவங்க ரத்தத்துல களைச்ச அணுக்களோட கணக்கு வேற மாதிரி இருக்குமோனு பாக்கறோம். அப்படி இருந்தா, ஈரலைக் குத்தாம கையில எடுக்கற ரத்தத்துலயே சீக்கிரமாக் கண்டுபிடிக்க வழி கிடைக்கும்.”

“அணுவோட மேல இருக்கறதை எப்படிங்க டாக்டர் எண்ணுவீங்க?”

“ஒவ்வொரு புரதத்திலயும் போய் ஒட்டிக்கற மாதிரி ஒளிர்ற சாயம் இருக்கு. அதைக் கலந்து, அணுக்களை ஒண்ணு பின்னால ஒண்ணா லேசர் ஒளி முன்னால ஓட்டுவோம். எது மின்னுதுனு மெஷின் எண்ணிடும்.”

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நாங்கள் முட்டையை விளக்கின் மேல் ஒவ்வொன்றாக ஓட்டி, விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தப்பொட்டு இருக்கிறதா என்று பார்ப்போம். இவர்கள் அணுவை ஓட்டுகிறார்கள். அதைச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். “ஆனா ஒண்ணு. இது இன்னும் ஆராய்ச்சிதான். இதுல என்ன வந்தாலும் அதை வெச்சு உங்களுக்கு நான் எதுவும் முடிவு பண்ண மாட்டேன்” என்றார். கையெழுத்துப் போட்டேன். வைரஸ் இருந்தும் புற்று இல்லாதவர்கள், புற்று உள்ளவர்கள், இரண்டும் இல்லாத ஆரோக்கியமானவர்கள் என்று மூன்று வகை ஆட்களின் ரத்தமும் ஒப்பிட வேண்டுமாம். ஆரோக்கியமான ஆட்கள்தான் கிடைப்பதில்லை என்று அவர் சொன்னதும் அண்ணன் எழுந்துவிட்டார்.

“நாங் குடுக்கறேனுங்க டாக்டர். என்ற தம்பிக்கு ஆகற காரியம்னா ஒரு படி வேணும்னாலும் எடுத்துக்கங்க.”

“ஒரு படியெல்லாம் வேண்டாம். முதல்ல உங்களுக்கு வைரஸ் இல்லைனு பாக்கணும். அந்த ரிசல்ட் உங்க கையிலயே வந்துடும்.”

“எனக்கு ஒண்ணும் இருக்காதுங்க” என்றார் அண்ணன். அவ்வளவு உறுதியாகச் சொன்னார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நர்ஸின் பின்னால் போன அந்த முதுகைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கு அப்பாவாக இருக்கிறாரே என்று கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு நானும் சுமதியும் அண்ணனும் முடிவுக்காக உட்கார்ந்திருந்தோம். அண்ணி அன்றைக்கு வரவில்லை. அண்ணன் கவுண்டரில் தன் சீட்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். “பாரு, நெகட்டிவ்னு போட்டிருக்குது. நான் சொன்னனில்ல?” என்று என் கையில் கொடுத்தார். “உன்ற பைல்லயே வெய்யி, நான் போய் வண்டிய நெழல்ல போட்டுட்டு வாரேன்.”

அவர் முதல் வரியை மட்டும் படித்திருக்கிறார். நான் எந்த லேப் சீட்டையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவன். இருபது வருடப் பழக்கம். முதல் வரியில் வைரஸ் இல்லை. இரண்டாவது வரியில் வைரஸின் மையப்பகுதிக்கான எதிர்ப்புப் புரதம் இல்லை. மூன்றாவது வரியில் வைரஸின் மேலுறைக்கான எதிர்ப்புப் புரதம், அதற்கு நேரே நல்ல பெரிய எண். சீட்டை மடித்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நானும் சுமதியும் மட்டும் போனோம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. புற்றுதான், ஒரே கட்டிதான், மூன்று சென்டிமீட்டர் இருக்கும், வெட்டி எடுத்துவிடலாம் என்றார். சுமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆறு மாசத்துக்கு ஒருக்காப் பாத்துட்டு வந்திருந்தா இன்னும் சின்னதுலயே பிடிச்சிருக்கலாம். பரவாயில்லை, இப்பவும் கைமீறிப் போகலை” என்று அவர் சொன்னது தூரத்திலிருந்து கேட்டது.

பிறகு சுமதியின் ரத்தச் சீட்டை எடுத்தார். “உங்களுக்கு வைரஸ் இல்லை. ஆனா ஒருதடவை வந்து போயிருக்கு. மேலுறைக்கும் எதிர்ப்பு இருக்கு, மையப்பகுதிக்கும் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் காமாலை ஏதாவது வந்ததா?”

“வந்துச்சுங்க. கண்ணாலம் ஆன மொத வருசம். எங்க அக்கா, அதாவது இவங்க அண்ணி, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க. ஊடு மாறுன சூடுன்னாங்க.” பிறகு, “ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கும் சீட்டுல இப்படித்தான் வருங்களா?” என்று கேட்டாள். எங்கள் மகளை நினைத்துக் கேட்டாள்.

“இல்லை. ஊசி போட்டவங்களுக்கு மேலுறைக்கான எதிர்ப்பு மட்டும்தான் இருக்கும். தடுப்பூசியில வைரஸோட மேலுறை மட்டும்தான் இருக்கு. அதனால மையப்பகுதிக்கு எதிர்ப்பு இருந்தா நோய் வந்து போயிருக்கு. இல்லாம மேலுறைக்கு மட்டும் இருந்தா ஊசி.”

என் மடியில் அண்ணனின் சீட்டு இருந்தது. நான் இன்னொரு தடவை படித்தேன். எங்கள் ஊரில் ஐம்பது வயது விவசாயி எவனும் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. நாய் கடித்தால் போடுவான், ஆணி குத்தினால் போடுவான். இந்த ஊசி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. யாராவது காரணம் சொல்லிப் போட்டால்தான் உண்டு.

வண்டியில் மல்லூர் தாண்டுகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். புற்று என்று தெரிந்துவிட்ட துக்கம் என்று அண்ணன் நினைத்திருப்பார். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, “டீ குடிச்சாத் தெம்பா இருக்கும் சாமி” என்றார். நான் இறங்கவில்லை.

“அண்ணா, நீங்க எப்ப ஊசி போட்டீங்க?”

“எந்த ஊசி?”

“ஹெபடைட்டிஸ் பி ஊசி.”

அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு மெதுவாக, “அதெல்லாமா அந்தச் சீட்டுல தெரீது?” என்றார்.

அதற்குப் பிறகு அவரே சொன்னார். ஒன்பது வருடம் முன்னால் பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு ரத்ததான முகாம் நடத்தினார்கள். நானும் கொடுத்தேன். அந்த வாரம் என் போன் தீவனக் கலவை மெஷினில் விழுந்து நொறுங்கியிருந்தது. படிவத்தில் அண்ணன் நம்பரைத்தான் எழுதினேன். ரத்த வங்கியிலிருந்து குமரேசன் நேரில் வர வேண்டும் என்று அவருக்குப் போன் வந்திருக்கிறது. இரண்டு தடவை வந்திருக்கிறது. அவர் போயிருக்கிறார்.

“என்னன்னு கேட்டா, அவருகிட்டத்தான் சொல்லோணும்னுட்டாங்க. அதான் நாந்தான் குமரேசன்னு சொன்னேன்.”

என் பெயரைச் சொல்லி, என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குச் சொன்னதை எல்லாம் அவர் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கல்லீரல் டாக்டரைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் மூன்று ஊசி போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் கடைசியை மட்டும் அவர் செய்தார். அவர், அண்ணி, இரண்டு பிள்ளைகள். சேலத்துக்கு மூன்று நடை போய் ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

“அப்ப நானு?” என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

“உனக்கு அப்ப முப்பத்தி மூணு வயசுடா. பொண்ணு கெடைக்காம எத்தன ஊடு ஏறி எறங்குனோம்? வெண்ணந்தூர்க்காரங்க செரின்னு சொல்லிப் பத்து நாள்தான் ஆவுது. இந்தப் பேச்சு வெளிய போனா அந்த எடமும் போச்சு, இனி எந்த எடமும் இல்ல. கண்ணாலம் முடிஞ்சொன்ன சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் அம்மிணி மாசமா இருந்தா. அப்புறம் கொழந்த. எப்பச் சொல்றது? நீயும் நல்லாத்தான இருந்த.”

பின் சீட்டிலிருந்து சுமதி கேட்டாள். “எனக்குக் காமால வந்தப்ப உங்க ரெண்டு பேத்துக்கும் எதுனாலன்னு தெரியுமுங்களா மாமா?”

அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. “தெரியும் அம்மிணி” என்றார்.

“தெரிஞ்சுதான் கீழாநெல்லி அரைச்சாங்களா?”

அவர் என் பக்கம் திரும்பி, “ஊர்ல பித்தப்பைக் கல்லுன்னு நீதான சொல்லிட்டுத் திரியற? நீ மறைக்கலயா?” என்றார். அவரிடம் இருந்த ஒரே நியாயம் அதுதான்.

“நான் ஊருக்கு மறைச்சேனுங்க அண்ணா. நீங்க எனக்கு மறைச்சீங்க.”

டீக்கடைக்காரர் டம்ளர்களோடு எங்களைப் பார்த்து நின்றிருந்தார். “வண்டிய எடுங்க மாமா, கொழந்த ஸ்கூல் விட்டு வந்துரும்” என்றாள் சுமதி.

அன்றிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கு இருந்த இரண்டு வாரமும் என் மனது பழசையெல்லாம் கிளறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் எனக்குப் புது ஷேவிங் செட் வாங்கித் தருவார். “சலூன் கத்தி ஆகாது, இத வெச்சுக்க” என்பார். அதை ஆசையாக வாங்கிக்கொள்வேன். அதற்கப்புறம் எந்த முகாமிலும் என்னை ரத்தம் கொடுக்க விட்டதில்லை. “உனக்கே ரத்தம் கம்மி” என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். என் மேல் எவ்வளவு அக்கறை என்று நான் உருகியிருக்கிறேன். தட்டும் டம்ளரும் நினைவுக்கு வந்தபோது மட்டும் சாப்பாட்டின் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டேன். டம்ளரில் பரவாது என்று ரத்த வங்கியில் சொல்லித்தான் இருப்பார்கள். ஆனாலும் அண்ணிக்கு ஒரு பயம். அந்தப் பயத்தைக் கடைக்குக் கொண்டுபோய், பெயர் வெட்டி, மாலை போடாத குறையாக என் கையில் கொடுத்துவிட்டார். ஒன்பது வருடம் நான் அதில் சாப்பிட்டுக்கொண்டு பெருமையடித்திருக்கிறேன்.

யாழினியின் ரத்தத்தையும் பார்த்தோம். பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிற ஊசி அவளைக் காப்பாற்றியிருந்தது. அதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பங்கில்லை. டைட்டர் நன்றாக நின்றது. அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் கொடுக்க ஆட்கள் வேண்டும் என்றபோது முதல் ஆளாக அண்ணன்தான் போய்ப் படுத்தார். செலவில் பாதிக்கு மேல் அவர்தான் கட்டினார். ஐ.சி.யூ. வாசலில் நான்கு நாள் பெஞ்சில் கிடந்தார். இதையெல்லாம் நான் மறைக்கப்போவதில்லை. மூக்கில் குழாயும் வயிற்றில் குழாயுமாகப் படுத்திருந்த என்னைப் பார்க்க உள்ளே விட்டபோது என் காலைத் தொட்டுக்கொண்டு நின்று அழுதார். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அவருக்கு என் மேல் பாசம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? பாசம் இல்லாதவர் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு இந்நேரம் மறந்திருப்பேன்.

ஈரல் வளர்கிற உறுப்பு. வெட்டியது போக மிச்சம் இருப்பது பெருத்து இடத்தை நிரப்பிக்கொள்ளும் என்றார்கள், அப்படியே நடந்தது. மூன்று பந்துகள் கொண்ட ஒரு சாதனத்தைக் கொடுத்து மூச்சை இழுத்து மேலே ஏற்றச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. மூன்றும் ஏறிய அன்று சுமதி கைதட்டினாள். பக்கத்துக் கட்டில்காரரும் தட்டினார். இப்போது தினம் ஒரு மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இதுவரை எதுவும் திரும்பி வரவில்லை. திரும்பி வரலாம் என்பதையும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

ஆறாவது மாதம் ஆராய்ச்சிக்காக மறுபடி ரத்தம் எடுத்தார்கள். என் களைத்த அணுக்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டேன். “ஒரு ஆளோட ரத்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது குமரேசன். நிறையப் பேரைப் பாத்து முடிக்கணும், வருஷங்கள் ஆகும்” என்றார். ஆகட்டும். ஒருநாள் எவனோ ஒருவனுக்குக் கையில் எடுத்த ரத்தத்திலேயே சீக்கிரம் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் தெரிந்தது அவன் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு எந்த மெஷினும் இல்லை. அதனால் படிக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: எந்தப் படிவத்திலும் உங்கள் நம்பரையே எழுதுங்கள். உங்கள் சீட்டை நீங்களே போய் வாங்குங்கள், கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

ஊரில் இப்போது கல் என்று சொல்வதில்லை. கேட்டவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அந்த லாரிக்காரருக்கும் போன் செய்து சொன்னேன். “எனக்கும் அதுதானுங்க” என்றார்.

அண்ணனோடு பேச்சு நின்றுவிடவில்லை. ஒரே களத்தில் இருந்துகொண்டு அது முடியாது. கரும்பு வெட்டு ஆட்கள் வந்தார்களா, தீவனம் இறங்கியதா என்று பேசிக்கொள்கிறோம். போன வாரம் காலையில் வாய்க்கால் தண்ணீர் முறை விஷயமாக வீட்டுக்கு வந்தார். சுமதி உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். ரசம் கொடுத்தனுப்பிய நாளிலிருந்து திருப்பித் தராமல் எங்கள் அலமாரியிலேயே கிடந்த என் டம்ளரில் கொண்டுவந்தாள். தெரிந்து செய்தாளா, கைக்கு வந்ததை எடுத்தாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அண்ணன் வாங்கினார். என் பெயர் அவர் பக்கம் திரும்பி இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீர் முறையைப் பற்றிப் பேசினார். டாக்டரம்மா முதல் நாளே சொன்னதை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரும் கேட்டார். உடம்பில் ஊசியும் இருக்கிறது. அந்தப் பெரிய எண்ணை நான்தான் படித்தேன். அவர் பேசிக்கொண்டே குனிந்து டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

“இப்பத்தான் ஊட்டுல குடிச்சுட்டு வந்தேன் அம்மிணி” என்றார். “வாரேன் சாமி” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் களத்தைக் கடந்து போனார்.

அவர் வீட்டுக்குள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டம்ளரை எடுத்தேன். காபி ஆறி ஆடை படிந்திருந்தது. நானே குடித்தேன். சுமதி அண்ணனுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டிருந்தாள்.